வண்ணத்துப்பூச்சி ஃபிரேம் வாங்கப் போகிறீர்களா? கடைக்காரரிடம் இதையெல்லாம் கேளுங்கள்

மலேசியாவின் கேமரன் மலைக்கு வருகிறவர்கள் ஸ்ட்ராபெரியும் தேயிலையும் வாங்கி முடித்ததும் அடுத்து போய் நிற்கிற இடம், செத்த வண்ணத்துப்பூச்சியைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் விரித்து வைத்து விற்கிற ஃபிரேம் கடைதான். அங்கே முதலில் கண்ணில் படுவது ராஜா ப்ரூக். கறுப்பு இறக்கையில் பல் பல்லாகப் பச்சை மின்னும், கழுத்தில் சிவப்பு, உள்ளங்கையை விடப் பெரியது. 2011 இல் நானும் அப்படி ஒரு கடையில் நின்று ஆறு ராஜா ப்ரூக் வாங்கினேன். ஈப்போவில் அப்போது பகுதி நேரமாக ஃபிரேம் போட்டு விற்றுக்கொண்டிருந்தேன். "எல்லாம் பண்ணையில் வளர்த்தது தம்பி, தானாகச் செத்த பிறகுதான் எடுப்போம்" என்றார் கடைக்காரர். நானும் அதை அப்படியே என்னிடம் வாங்க வந்தவர்களிடம் சொல்லி நான்கை விற்றுவிட்டேன்.

அடுத்த வருடம் கோப்பேங் பக்கம் உலு கேரோவுக்குப் போனேன். அங்கே பழங்குடியினரான செமாய் மக்களே வழிகாட்டிகளாக வந்து ரஃப்லீசியா பூவையும் ராஜா ப்ரூக்கையும் காட்டுவார்கள். வெந்நீர் ஊற்று ஓரத்தில், ஈர மண்ணில், கூட்டமாக உட்கார்ந்து உப்புச் சத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தன. அத்தனையும் ஆண். பெண் பெரும்பாலும் காட்டின் உச்சிக் கிளைகளிலேயே இருக்கும், இப்படித் தரைக்கு வருவது அரிது என்று வழிகாட்டி சொன்னார். அங்கேயே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் வாங்கிய ஆறும் ஆண். பண்ணையில் முட்டையிலிருந்து வளர்த்தால் ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட சமமாகத்தானே வரும்? ஆறும் ஆணாக அமைவது தற்செயலாகவும் நடக்கலாம், ஆனால் அந்தக் கடைச் சுவர் முழுக்கவே ஆண்தான் மாட்டியிருந்தது. ஊற்றோரத்தில் வலை வீசினால்தான் அப்படி வரும்.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பூச்சியைக் கொல்வதே பாவம் என்று நினைக்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அவர்கள் ஃபிரேம் வாங்கவே வேண்டாம். வாங்கத்தான் போகிறேன், நான் செய்து விற்கத்தான் போகிறேன் என்பவர்களுக்கு இது.

முதலில் "தானாகச் செத்தது" என்கிற வார்த்தையை எடுத்துக்கொள்வோம், இந்த வியாபாரத்தில் அதிகமாகச் சொல்லப்படும் பொய் இதுதான். பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிகள் இறக்கை முளைத்த பிறகு இரண்டு மூன்று வாரம் வாழ்ந்தாலே பெரிது. அந்த நாட்களில் இலையில் உரசும், பறவை கொத்தும், மழையில் அடிபடும், இறக்கையில் இருக்கிற செதில் தூள் உதிரும். வயதாகிச் செத்த பூச்சியைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஓரம் கிழிந்திருக்கும், நிறம் மங்கியிருக்கும், வால் உள்ள இனமாக இருந்தால் பாதி நேரம் வால் இருக்காது. வியாபாரத்தில் தரம் பிரிக்கிறவர்கள் குறையே இல்லாத பூச்சியை ஏ-1 என்பார்கள், லேசாகக் கிழிந்ததும் தேய்ந்ததும் ஏ-2. ஏ-1 தரத்தில் ஒரு பூச்சி வேண்டுமென்றால் கூட்டை விட்டு வெளியே வந்து இறக்கை காய்ந்த கொஞ்ச நேரத்திலேயே அதைக் கொன்றாக வேண்டும், வழக்கமாக உறைபெட்டியில் வைத்து. ஆகவே கண்ணாடிக்குள் அப்பழுக்கில்லாமல் விரிந்திருக்கும் பூச்சியைக் காட்டி ஒருவர் "இயற்கையாக இறந்தது" என்றால் ஒன்று அவருக்குத் தெரியவில்லை, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். "வளர்த்தோம், இறக்கை காய்ந்ததும் கொன்றோம்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிற வியாபாரியிடம் நான் தைரியமாக வாங்குவேன்.

உண்மையிலேயே தானாகச் செத்த பூச்சி வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. உயிருள்ள வண்ணத்துப்பூச்சிகளைப் பார்வைக்கு விடுகிற கூடங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. நம் பினாங்கு தெலுக் பகாங்கில் 1986 முதல் ஒன்று இருக்கிறது, இப்போது அதற்குப் பெயர் என்டோபியா. இப்படிப்பட்ட கூடங்களில் தினமும் சில பூச்சிகள் இறந்து தரையில் கிடக்கும். சில இடங்களில் கேட்டால் கொடுப்பார்கள், சில இடங்களில் நோய் பரவும் என்பதாலோ உரிமத்தின் நிபந்தனையாலோ கொடுக்க மாட்டார்கள், வற்புறுத்த வேண்டாம். கிடைப்பது கிழிசலாகத்தான் இருக்கும், கிழிசலை மறைக்காமல் அப்படியே விரித்து மாட்டினால் அதற்கென்று ஓர் அழகு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த என் சொந்த ஃபிரேம் அப்படிப்பட்டதுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கூடத்தின் வாசலில் இருக்கும் நினைவுப்பொருள் கடையில் தொங்குவதெல்லாம் உள்ளே பறந்தவை என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். எந்த ஊர்க் கடையாக இருந்தாலும் "இது இங்கே வளர்ந்ததா, வெளியிலிருந்து வாங்கியதா" என்று கேளுங்கள்.

அடுத்தது "பண்ணை" என்கிற வார்த்தை. இது பொய்யாகவும் இருக்கலாம், மிக நல்ல விஷயமாகவும் இருக்கலாம். நல்லதுக்கு உதாரணம் பப்புவா நியூ கினி. அங்கே புலோலோ என்ற ஊரில் 1978 இல் அரசே பூச்சி வளர்ப்புக்கும் விற்பனைக்கும் ஒரு நிறுவனம் தொடங்கியது. கிராமத்துக்காரர்கள் தங்கள் தோட்டத்தைச் சுற்றி ஒரு கொடியை நடுவார்கள், நம் ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை எல்லாம் சேர்ந்த அதே குடும்பத்துக் கொடி. பக்கத்துக் காட்டிலிருந்து பேர்ட்விங் எனப்படும் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சிகள் தாமாகவே வந்து முட்டையிடும், கூண்டு இல்லை, வலை இல்லை. கூட்டுப்புழுக்களில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வார்கள், மீதி பறந்து போகும். பூச்சிக்குக் கிடைக்கும் விலையில் பெரும்பங்கு கிராமத்துக்கே போக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. காடு இருந்தால்தான் பூச்சி வரும், பூச்சி வந்தால்தான் காசு வரும், அதனால் காட்டை வெட்டாமல் விட ஒரு காரணம் கிடைக்கிறது. கென்யாவில் அரபுக்கோ சொக்கோக்கே காட்டோரத்தில் 1993 இல் தொடங்கிய கிபேப்பியோ திட்டத்துக்கும் இதே யோசனைதான், அவர்கள் உயிருள்ள கூட்டுப்புழுக்களை ஏற்றுமதி செய்கிறார்கள்.

இதனால்தான் "காட்டில் பிடித்தது கெட்டது, பண்ணையில் வளர்த்தது நல்லது" என்று கண்ணை மூடிக்கொண்டு பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. பரவலாக இருக்கிற இனத்தில் சட்டப்படி சில ஆண் பூச்சிகளைப் பிடிப்பதால் அந்த இனம் அழிந்துவிடாது, செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்காக ஒரு மலைச்சரிவையே மொட்டையடித்தால் அழிந்துவிடும். ஆனால் ஒரு சின்ன இடத்தில் மட்டுமே இருக்கிற இனத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உலகத்திலேயே பெரிய வண்ணத்துப்பூச்சியான குயின் அலெக்ஸாண்ட்ராஸ் பேர்ட்விங் பப்புவா நியூ கினியின் ஓரோ மாநிலத்தில் மட்டும்தான் இருக்கிறது. பெண் பூச்சி இறக்கையை விரித்தால் 25 சென்டிமீட்டர் தாண்டும். 1951 இல் லாமிங்டன் எரிமலை வெடித்து அதன் காட்டில் ஒரு பெரிய பகுதி போனது, மிச்சத்தைச் செம்பனையும் மரவெட்டும் தின்கின்றன. இந்த இனத்தை நாடு விட்டு நாடு பணத்துக்கு வாங்குவதும் விற்பதும் தடை. ஆனாலும் 2006 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் ஒரு ஜப்பானிய வியாபாரி பிடிபட்டார், ஒரு ஜோடியை 8,500 டாலருக்கு விற்றவர், அடுத்த ஆண்டு 21 மாதச் சிறை. இந்தப் பூச்சியை யாராவது "பண்ணையில் வளர்த்தது, பேப்பர் இருக்கிறது" என்று நீட்டினால் பேச்சையே தொடராதீர்கள்.

சரி, பேப்பருக்கு வருவோம். காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தம் 1975 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் பட்டியலில் இருந்தால் பொதுவாக வணிகமே கூடாது, குயின் அலெக்ஸாண்ட்ரா அதில் இருக்கிறது. இரண்டாம் பட்டியலில் இருந்தால் ஏற்றுமதி செய்கிற நாட்டின் அனுமதிப் பத்திரத்தோடு விற்கலாம். மற்ற பேர்ட்விங்குகளும், ராஜா ப்ரூக்கும் இதில்தான் வருகின்றன. பலருக்குத் தெரியாத ஒன்று, அந்தப் பத்திரத்தில் பூச்சியின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், அதுதான் அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிற குறியீடு. 'டபிள்யூ' என்றால் காட்டில் பிடித்தது. 'ஆர்' என்றால் முட்டையாகவோ புழுவாகவோ காட்டிலிருந்து எடுத்து வளர்த்தது. 'சி' என்றால் தலைமுறையாக அடைப்பில் இனப்பெருக்கம் செய்தது, 'எஃப்' என்றால் அடைப்பில் பிறந்தது ஆனால் 'சி'க்கான நிபந்தனைகளுக்குள் வராதது. கடைக்காரர் வாயால் "பண்ணை" என்கிறார், பத்திரத்தில் 'டபிள்யூ' என்று இருக்கிறது என்றால் முடிவு உங்களுக்கே தெரியும். பத்திரம் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனித்தனியாக இருக்காது, ஒரு சரக்குக்கு ஒன்று இருக்கும், அதன் நகலைக் காட்டச் சொல்லலாம். இறக்குமதி செய்து விற்கிறவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட்டால் நான் வெளியே வந்துவிடுவேன்.

மலேசியாவுக்குள்ளேயே விற்பதென்றால் சைட்ஸ் மட்டும் போதாது. தீபகற்பத்தில் 2010 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ராஜா ப்ரூக் பாதுகாக்கப்பட்ட உயிர். பிடிக்கவும் வைத்திருக்கவும் விற்கவும் பெர்ஹிலிதான் எனப்படும் வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனிச் சட்டம். அதனால் வாங்கும்போது உரிம எண்ணையும் இனத்தின் முழு அறிவியல் பெயரையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். "அழகு வண்ணத்துப்பூச்சி 1" என்று எழுதிக் கொடுக்கிற ரசீதுக்கு மதிப்பே இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்களிடம் நான் தனியாகச் சொல்லிவிடுவேன், பெட்டியில் ராஜா ப்ரூக்கை வைத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள் என்று. ஏற்றுமதிப் பத்திரம் இல்லாமல் போனால் இந்த முனையிலும் தப்பு, அந்த முனையிலும் தப்பு. இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது, அதில் சைட்ஸ் இனங்களுக்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது. உள்ளூர்ப் பூச்சி என்றாலும் கவனம் வேண்டும். அட்டவணையில் உள்ள உயிர் செத்துக் கிடந்தால்கூட அது அரசின் சொத்து என்கிறது அந்தச் சட்டத்தின் 39 ஆவது பிரிவு. சென்னைத் தோட்டங்களில் சாதாரணமாகப் பறக்கிற க்ரிம்சன் ரோஸ், திருத்தத்துக்கு முந்தைய முதல் அட்டவணையில் புலியோடு சேர்த்து இருந்த பூச்சி. ஆகவே கீழே கிடந்ததைத்தானே எடுத்தேன் என்று யாரும் அசட்டையாக இருக்க வேண்டாம், இனத்தை உறுதி செய்துகொண்டு, இன்றைய அட்டவணையைப் பார்த்துவிட்டு எடுங்கள். இதெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்பவர்களுக்கு: 2008 இல் டார்ஜிலிங் பக்கம் சிங்கலீலா தேசியப் பூங்காவில் பூச்சி பிடித்த இரண்டு செக் நாட்டுக்காரர்கள் கைதானார்கள். 2024 இல் இலங்கையின் யால பூங்காவில் பூச்சிகளை ஜாடிகளில் அடைத்து வைத்திருந்த இத்தாலியத் தந்தைக்கும் மகனுக்கும் 6 கோடி இலங்கை ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

இப்போது கடையில் கேட்க வேண்டிய கேள்விகள். என்ன இனம், எந்த ஊர், எந்த மாதம் எந்த வருடம், பிடித்ததா வளர்த்ததா, யார் கையிலிருந்து வாங்கினீர்கள். இந்த ஐந்தில் ஊரும் தேதியும்தான் உயிர். ராஜா ப்ரூக்கையே எடுத்துக்கொள்ளுங்கள், 1855 இல் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் சரவாக்கில் பார்த்துப் பெயர் வைத்த வகை வேறு, நம் தீபகற்பத்தில் பறக்கிற துணையினம் வேறு. ஊர்ப் பெயர் தொலைந்துவிட்டால் அந்தப் பூச்சி வெறும் அலங்காரப் பொருள்தான், எந்த ஆராய்ச்சியாளருக்கும் பிறகு பயன்படாது. அதோடு, பதிவு வைத்திருக்கிற பழக்கம் உள்ளவர்தான் பெரும்பாலும் நேர்மையாக வாங்கியவராகவும் இருக்கிறார், இது என் அனுபவம். "மலேசியா" என்று மட்டும் சொன்னால் மேலே கேளுங்கள். "நிச்சயமாகத் தெரியவில்லை, முன்பு ஒரு வியாபாரியிடம் மொத்தமாக வாங்கியது" என்று ஒப்புக்கொள்கிறவரை மதிக்கிறேன், ஆனால் அந்தப் பூச்சியை வாங்க மாட்டேன், சாதாரண இனமாக இருந்தால் தவிர. இணையத்தில் "பத்து கலந்த வண்ணத்துப்பூச்சி" என்று இனமே சொல்லாமல் மலிவாக விற்கிற கலவைப் பொட்டலங்களை எந்த நிலையிலும் தொட மாட்டேன்.

பழைய ஃபிரேம் என்று விற்பதிலும் ஏமாற்று உண்டு. அந்தக் காலத் தோட்டத் துரை வீட்டுச் சாமான் என்று சொல்லி, புதிதாகப் பிடித்த பூச்சியைப் பழைய சட்டத்துக்குள் வைத்து விற்பார்கள், பழையது என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று. உண்மையிலேயே பழையது என்றால் நிறம் வெளுத்திருக்கும், பித்தளை ஊசியில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும், சட்டத்தின் பின் காகிதம் பூச்சியோடு சேர்ந்து மூப்படைந்திருக்கும். பழையதாக இருந்தாலும் பாதுகாக்கப்பட்ட இனம் என்றால் சட்டம் சட்டம்தான்.

நீங்களே செய்து விற்கிறவர் என்றால் இனி சொல்வது உங்களுக்கு. ஆரம்பிக்கிறவர்கள் வாங்கவே வேண்டாம், வளர்த்துப் பாருங்கள். தொட்டியில் ஓர் எலுமிச்சைச் செடி, ஒரு கறிவேப்பிலைக் கன்று போதும், அதைத் தேடி வரும் சாதாரண இனங்கள் தாமாகவே முட்டையிடும். புழு முதலில் பறவை எச்சம் போல இருக்கும், பிறகு பச்சையாகிவிடும், முட்டையிலிருந்து பூச்சியாக ஏறத்தாழ ஒரு மாதம். இலையில் மருந்து அடிக்கக் கூடாது. நான் பத்து வளர்த்தால் எட்டைப் பறக்கவிட்டுவிடுவேன், இரண்டை எடுப்பேன். எட்டு விட்டேன் என்பதால் இரண்டைக் கொன்றது இல்லை என்றாகிவிடாது, அதனால் வாங்குகிறவர் கேட்டால் இரண்டைக் கொன்றேன் என்றே சொல்கிறேன். சிலர் முகம் சுளித்து ஃபிரேமைத் திருப்பி வைத்துவிடுவார்கள். அது அவர்கள் உரிமை, உண்மை தெரிந்து எடுத்த முடிவு. கொல்ல மனமில்லாதவர்கள் பூச்சி வெளியேறிய வெற்றுக் கூட்டைக் குச்சியோடு ஃபிரேம் போடலாம், குழந்தைகளுக்கு அது இன்னும் பிடிக்கிறது.

ஒட்டு வேலையையும் மறைக்காதீர்கள். உடைந்த உணர்கொம்புக்குப் பதில் வேறொரு பூச்சியின் கொம்பை ஒட்டுவது, கிழிந்த இறக்கையை இன்னொன்றின் இறக்கையால் மாற்றுவது, மங்கிய இடத்தில் சாயம் தொடுவது எல்லாம் இந்தத் தொழிலில் நடக்கிறது. செய்தால் எழுதிக் கொடுங்கள், அழகுக்காக வாங்குகிறவர் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை, பின்னால் தானாகக் கண்டுபிடித்தால்தான் கசந்து போகிறார். நீல மார்ஃபோ என்கிற வண்ணத்துப்பூச்சியை வாங்குகிறவர்களுக்கு ஒரு சோதனை: அந்த நீலம் சாயத்தால் வருவதில்லை, செதிலின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டு வருவது. இறக்கை ஓரத்தில் ஒரு துளி சுத்தமான ஆல்கஹால் வைத்தால் அந்த இடம் பச்சையாகிவிடும், காய்ந்ததும் நீலம் திரும்பிவிடும். சாயம் பூசியது அப்படி மாறாது. விற்கிறவரின் அனுமதியோடு செய்யுங்கள்.

என் கையில் மீதி இருந்த இரண்டு ராஜா ப்ரூக்கையும் அந்தப் பழைய ரசீதோடு பெர்ஹிலிதான் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். விற்ற நான்கு பேருக்கும் போன் செய்து, நான் சொன்னது தவறு, காட்டில் பிடித்ததாகத்தான் இருக்கும், உரிமமும் என்னிடம் இல்லை, திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் தருகிறேன் என்றேன். இரண்டு பேர் திருப்பிக் கொடுத்தார்கள், அவற்றையும் அங்கேயே ஒப்படைத்தேன். அந்த மாதம் எனக்கு நஷ்டம்தான், ஆனால் அந்த இரண்டு பேர்தான் இன்றுவரை என்னிடம் தொடர்ந்து வாங்குகிறார்கள்.

அப்போதிருந்து ஒவ்வொரு ஃபிரேமின் பின்னாலும் ஒரு சீட்டு ஒட்டுகிறேன். ஒன்றில் எழுதியதை அப்படியே தருகிறேன்: "பபிலியோ டெமோலியஸ், ஆண். ஈப்போ, வீட்டுத் தோட்டம், எலுமிச்சைச் செடி. முட்டையாக எடுத்தது 4.3.2023. கூட்டை விட்டு வந்தது 3.4.2023. மறுநாள் உறைபெட்டியில் கொன்றது. இடது உணர்கொம்பு உடைந்து ஒட்டியது." வாங்கிய பூச்சி என்றால் யாரிடம் வாங்கினேன், அவர் என்ன சொன்னார், எதை என்னால் சரிபார்க்க முடிந்தது, எதை முடியவில்லை என்று எழுதுவேன். தெரியாத இடத்தைக் காலியாக விடாமல் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள், காலியாக விட்டால் அடுத்து விற்கிறவர் அதில் எதையாவது நிரப்பிவிடுவார். பென்சிலிலோ மங்காத கறுப்பு மையிலோ எழுதுங்கள், பால்பாயிண்ட் எழுத்து வருடங்கள் போனால் மங்கிவிடும். ஒரு நகலை உள்ளேயும், பூச்சிக்குப் பின்னால் தெரியாதபடி, வைத்துவிடுங்கள். அப்புறம் வெயில் படாத சுவரில் மாட்டச் சொல்லுங்கள், நம் ஊர் ஈரத்துக்குச் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றைச் சட்டத்துக்குள் போட்டு ஓரத்தை நன்றாக அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் சின்ன வண்டுகள் புகுந்து உடலைத் தூளாக்கிவிடும்.